கலிஃபோர்னியாவின் ‘வெல் ஃபைண்டர்’: வீடு வாங்கப் போன இடத்தில் எழுதிய மதிப்பீடு

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் தென்பகுதியில் நாங்கள் விலை பேசிக்கொண்டிருந்த வீட்டின் கொல்லைப்புறத்தில், தோட்டச் சாமான்கள் வைக்கும் தகரக் கொட்டகை நிற்கும் மூலையில், மாநில அரசின் ‘வெல் ஃபைண்டர்’ இணைய வரைபடம் ஒரு புள்ளியைக் காட்டியது. புள்ளியைத் தொட்டதும் விரிந்த சிறு கட்டத்தில் அது எண்ணெய்க் கிணறு என்றும், அதன் நிலை ‘மூடப்பட்டது’ என்றும் எழுதியிருந்தது. வீட்டைக் காட்டிய தரகர் நம்மவர்தான். விசாரித்ததற்கு, “இந்த வட்டாரத்தில் எந்தக் கொல்லையைத் தோண்டினாலும் ஒரு கிணறு கிடைக்கும் சார், எல்லாம் தாத்தா காலத்திலேயே மூடியது” என்று சொல்லிவிட்டுச் சமையலறை அலமாரிகளைத் திறந்து காட்டப் போய்விட்டார். அவர் சொன்னதன் முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பாதியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்க்கத்தான் அடுத்த மூன்று வாரங்கள் இந்தச் சேவையோடு உட்கார்ந்திருந்தேன்.

கலிஃபோர்னியாவில் இதுவரை தோண்டப்பட்டுப் பதிவேட்டில் ஏறிய கிணறுகள் 2,40,000-க்கும் மேல். 1892-இல் எட்வர்ட் டொஹெனியும் சார்லஸ் கான்ஃபீல்டும் இன்றைய லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுவே எண்ணெய் கண்ட நாளிலிருந்து, 1921-இல் லாங் பீச்சை ஒட்டிய சிக்னல் ஹில் பீறிட்டது வரையிலும், அதற்குப் பின்னும், வீட்டுமனைகளுக்குள்ளேயே கோபுரம் நட்டுத் துளைத்தார்கள். கோபுரங்கள் போய் வீடுகள் வந்தன. துளைகள் மட்டும் போகவில்லை. வீடு விற்பவர் சட்டப்படி அறிவிக்க வேண்டிய இயற்கை அபாயங்கள் இங்கே ஆறு: வெள்ளம், அணை உடைப்பு, இரண்டு வகைத் தீ மண்டலங்கள், நிலநடுக்கப் பிளவு, நிலநடுக்கத்தால் மண் நெகிழும் பகுதி. அந்த ஆறில் எண்ணெய்க் கிணறு கிடையாது. அறிக்கை தயாரிக்கும் தனியார் நிறுவனங்கள் சில அதையும் கூடுதலாகச் சேர்த்துத் தருவதுண்டு என்றாலும், வாங்குபவர் தானே தேடிப் பார்ப்பதற்கு ஈடாகாது.

தேடும் இடம்தான் வெல் ஃபைண்டர். எண்ணெய், எரிவாயு, புவிவெப்பம் ஆகிய மூன்று வகைக் கிணறுகளையும் கண்காணிக்கும் மாநில அமைப்பான கால்ஜெம் இதை நடத்துகிறது. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. முகவரியைத் தட்டினால் அந்தத் தெருவும் சுற்றியுள்ள புள்ளிகளும் வந்துவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் கிணற்றின் அடையாள எண், நடத்துபவர் பெயர், எண்ணெய்வயலின் பெயர், கிணற்றின் வகை, இன்றைய நிலை ஆகியவை உண்டு. கைபேசியிலும் பார்க்கலாம், ஆனால் புள்ளிகள் மொய்க்கும் ஊரில் கணினித் திரைதான் வசதி.

அடையாள எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 04 என்று தொடங்கினால் கலிஃபோர்னியா. அடுத்து வரும் 037 லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம். கடைசி ஐந்து இலக்கங்கள் அந்தக் கிணற்றுக்கே உரியவை. இந்த ஐந்து இலக்கங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நடத்துபவரின் பெயர் நூறாண்டில் ஐந்து முறை மாறியிருக்கும், தெருவின் பெயரும் மாறியிருக்கும். இந்த எண் மாறாது. இன்றைய விதிப்படி ஒரு கிணற்றை மூடும்போது, தரைமட்டத்திலிருந்து ஐந்து அடிக்குக் குறையாமலும் பத்து அடிக்கு மிகாமலும் ஆழத்தில் உறைக்குழாயை (கிணற்றுத் துளையின் சுவராக இறக்கிய எஃகுக் குழாயை) வெட்டி, அதன் வாயில் எஃகுத் தகடு ஒன்றைச் சுற்றிலும் பற்றவைத்து, அந்தத் தகட்டில் இதே ஐந்து இலக்கங்களைப் பொறிக்க வேண்டும். திரையில் பார்ப்பதும் மண்ணுக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

வரைபடம் முன்வாசல்தான். அதன் வழியாகக் கிணற்றின் கோப்புக்குள் போகலாம் என்பதே இந்தச் சேவையின் உண்மையான பெருமை. என் மதிப்பீட்டில் பெரும்பங்கு மதிப்பெண் அதற்குத்தான். தோண்ட விரும்புவதாகக் கொடுத்த முதல் விண்ணப்பத்திலிருந்து மூடிய அறிக்கை வரை, தட்டச்சு செய்த தாள்களும் கையால் வரைந்த குறுக்குவெட்டுப் படங்களும் நகலெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் கொட்டகை மூலைக் கிணற்றின் கோப்பில் முப்பத்தொரு பக்கங்கள். முதல் தாள் 1923-ஆம் ஆண்டு. தலைப்பில் மாநிலச் சுரங்கப் பணியகம் என்று அச்சிட்டிருந்தது. அடுத்தடுத்த தாள்களில் திரும்பத் திரும்ப வந்த சொற்றொடர் ஒன்று என்னை முதலில் குழப்பியது: நீரடைப்புச் சோதனை அறிக்கை. எண்ணெய்க் கிணற்றில் தண்ணீரைப் பற்றி ஏன் இத்தனை கவலை?

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான், இந்த ஒழுங்குமுறையின் பிறவிக் குணம் எனக்குப் புரிந்தது. கலிஃபோர்னியா எண்ணெய்க் கிணறுகளுக்கு மேற்பார்வை அதிகாரியை நியமித்தது 1915-இல். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கெர்ன் மாவட்டத்தில் லேக்வியூ கிணறு 1910 மார்ச்சில் வாய் பிளந்து, பதினெட்டு மாதங்கள் அடங்காமல் ஏறத்தாழ 90 லட்சம் பீப்பாய் எண்ணெயைக் கக்கியிருந்தது. ஆனால் சட்டத்தைக் கொண்டுவந்த முதன்மையான அச்சம் வேறு: அவரவர் இஷ்டத்துக்குத் துளைத்த கிணறுகள் வழியாக மேலடுக்குத் தண்ணீர் கீழே இறங்கி, எண்ணெய் அடுக்குகளையே நாசமாக்கிவிடும் என்ற அச்சம். மனிதரை எரிவாயுவிடமிருந்து காப்பதற்கு முன்பே எண்ணெயைத் தண்ணீரிடமிருந்து காக்கப் பிறந்த அலுவலகம் அது. 1923-ஆம் ஆண்டின் ஆய்வாளர் எங்கள் கிணற்றில் எதைச் சோதித்தார், எதைச் சோதிக்கவில்லை என்பதற்கு இதுவே விளக்கம். அதே அமைப்பின் பெயரும் நோக்கமும் மாறியது 2020 ஜனவரி 1 அன்று. அதற்கு முந்தைய ஆண்டு நிறைவேறிய சட்டம், மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் ஆகியவற்றைக் காப்பதை அதன் நோக்கங்களில் வெளிப்படையாக எழுதிவைத்தது. உயிருக்கும் உடைமைக்கும் கேடு வராமல் கிணறுகளை மேற்பார்வையிட வேண்டும் என்ற வாசகம் சட்டத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். எதை முதலில் வைப்பது என்பதில்தான் நூறாண்டு இழுபறி.

கோப்பின் கடைசிப் பக்கம் 1948-ஆம் ஆண்டு மூடல் அறிக்கை. எங்களுக்கு நெருங்கிய குடும்ப நண்பர் ஒருவர், கிணறு மூடும் ஒப்பந்தப் பணியில் இருபது ஆண்டுகள் மண் பார்த்தவர், நாங்கள் அண்ணா என்றே அழைப்போம். அவரை அழைத்து அந்தத் தாளைத் திரையில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். “மூடியாச்சு என்பது வெறும் வினைமுற்று, தம்பி. எப்போது மூடினார்கள், எதைக்கொண்டு மூடினார்கள், யார் பார்க்க மூடினார்கள் என்று கேட்டுப் பழகு” என்றார். பிறகு தாளிலேயே விரலை வைத்துக் காட்டினார். அடியில் எண்ணெய் அடுக்கின் மேல் ஒரு சிமென்ட் அடைப்பு இருந்தது, அது நல்லது. உறைக்குழாயில் 1,100 அடி வெடிவைத்து அறுத்து மேலே எடுக்கப்பட்டிருந்தது. எஃகுக்கு விலை இருந்த காலத்தில் இது வழக்கமாம். அதற்கு மேல் கனத்த சேறு. தரையை ஒட்டி ஆறு அடி சிமென்ட். அவ்வளவுதான். குடிநீர் அடுக்குக்கும் உப்புநீர் அடுக்குக்கும் இடையே தனியாக அடைப்பு வைத்ததாக ஒரு வரியும் இல்லை.

இன்றைய விதி கேட்பதோ வேறு. எண்ணெய் அடுக்கின் மேல்மட்டத்துக்கும் மேலாக 100 அடி வரை சிமென்ட் ஏற வேண்டும். நன்னீர் அடுக்கின் அடிமட்டத்தில் தனி அடைப்பு வேண்டும். தரையை ஒட்டிக் குறைந்தது 25 அடிக்குச் சிமென்ட் வேண்டும், அதுவும் குழாய்களுக்கு இடைப்பட்ட வளைய வெளிகள் உட்பட. அடைப்பு இறுகிவிட்டதா என்பதை, குழாயை இறக்கி அதன் மேல் எடையை அமர்த்திப் பார்த்து உறுதிசெய்கிறார்கள். முக்கியமான கட்டங்களில் மாநில ஆய்வாளர் பக்கத்தில் நிற்பார். 1948-இல் மூடியவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, அன்றைய விதி கேட்டதைச் செய்தார்கள். ஆனால் வரைபடத்தில் அந்தக் கிணற்றுக்கும், சென்ற ஆண்டு 25 அடிச் சிமென்ட்டோடு மூடிய கிணற்றுக்கும் ஒரே நிலை, ஒரே சொல். வெல் ஃபைண்டரைப் பற்றி எனக்கிருக்கும் முதன்மையான குறை இதுதான். மூடிய ஆண்டையாவது புள்ளியின் முகத்திலேயே எழுதிவைக்கலாம். கோப்பைத் திறந்து படிக்கும் பொறுமையோ, படிக்கத் தெரிந்த அண்ணாவோ எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பழைய மூடலை நம்பக் கூடாது என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சாட்சிகள் உண்டு. 2019 ஜனவரியில் மரீனா டெல் ரேயில் விடுதி கட்டுவதற்காக 1930 வாக்கில் தோண்டிய கிணறு ஒன்றைப் புதிய விதிப்படி மறுபடி மூடிக்கொண்டிருந்தபோது, சேறும் வாயுவும் நூறடி உயரத்துக்குப் பீச்சியடித்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைவிட எனக்குப் பாடமாக அமைந்தது 1985 மார்ச் 24 அன்று ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் நடந்தது. துணிக்கடை ஒன்றின் உள்ளறையில் தேங்கிய மீத்தேன் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். நடைபாதை விரிசல்களில் தீ நாக்குகள் நின்றெரிந்தன. அந்த வாயு பழைய சால்ட் லேக் எண்ணெய்வயலிலிருந்து ஏறியதா, மேலடுக்கில் மக்கிய பொருள்களிலிருந்து வந்ததா என்று வல்லுநர்கள் வாதிட்டார்கள். வாதம் எப்படி முடிந்தாலும், மண்ணுக்குள் வாயு இருக்கிறது, அது ஏறுவதற்கு வழி தேடுகிறது, சரியாக அடைக்காத துளை அதற்கு ஏணியாகலாம் என்ற மூன்றையும் யாரும் மறுக்கவில்லை. நகராட்சி அதன்பின் மீத்தேன் மண்டலங்களை வரையறுத்து, அங்கே கட்டும் கட்டடங்களுக்குத் தனி விதிகள் வகுத்தது.

இங்கேதான் சேவையின் எல்லையையும் சொல்ல வேண்டும். நாங்கள் அந்தக் கொல்லையில் அப்பா அம்மாவுக்காகத் தனிச் சிறுவீடு ஒன்று கட்ட நினைத்திருந்தோம். மூடிய கிணற்றின் மேலோ அதற்கு நெருக்கமாகவோ கட்ட வேண்டாம், பின்னாளில் கசிந்தால் துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுவர இடம் விடுங்கள் என்பது மாநிலத்தின் அறிவுரை. அறிவுரைதான், கட்டட அனுமதி தருவதும் மறுப்பதும் உள்ளூராட்சியின் கையில். அறிவுரையை மீறிக் கட்டி, பின்னர் கிணற்றை மறுபடி மூட வேண்டிய நிலை வந்தால், செலவு கட்டியவர் தலையில் விழக்கூடும் என்று சட்டம் சொல்கிறது.

அதற்கும் முன்னால், கிணறு எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. 1923-ஆம் ஆண்டுத் தாளில் இடக்குறிப்பு இப்படி இருந்தது: மனையின் தென்மேற்கு மூலையிலிருந்து இத்தனை அடி வடக்கு, இத்தனை அடி கிழக்கு. எந்த மனை? அன்றைய ஐந்து ஏக்கர் மனை பின்னர் இருபது துண்டாகிவிட்டது, அந்த மூலையில் இன்று ஒரு நாற்சந்தி இருக்கிறது. பழைய கிணறுகளின் இடக்குறிப்பு தோராயமானது என்பதை அறிந்தே வரைபடத்தைப் படிக்க வேண்டும். புள்ளி கொட்டகைக்கு அடியில் இருக்கலாம், பக்கத்து வீட்டு எலுமிச்சைக்கு அடியிலும் இருக்கலாம். காந்தமானியோடு அளவையாளரை அழைத்து, குறி கிடைத்த இடத்தில் தோண்டி, குழாயின் வாயைக் கண்ணால் பார்த்து, வாயு கசிகிறதா என்று கருவியால் முகர்ந்து பார்ப்பதுதான் வழி.

மூடிய கிணறுகளைப் பற்றி இவ்வளவு எழுதியபின், உண்மையில் முதலில் தேட வேண்டியவை அவையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வரைபடத்தில் ‘செயலற்றது’ என்ற நிலையில் கிடப்பவற்றைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். 24 மாதங்கள் தொடர்ந்து உற்பத்திக்கோ உட்செலுத்தலுக்கோ (நீரையோ வாயுவையோ நிலத்தடிக்குள் செலுத்துவதற்கோ) பயன்படாத கிணறு இந்தப் பட்டியலில் சேரும். இறைப்பதும் இல்லை, அடைப்பதும் இல்லை. குழாய் துருப்பிடித்துக்கொண்டு நிற்கும். இப்படி மாநிலத்தில் பல்லாயிரம் உண்டு. ஒழுங்காக மூடுவதற்கான செலவோடு ஒப்பிட்டால், மூடாமல் வைத்திருப்பது நெடுங்காலம் மிக மலிவாக இருந்தது: 2016-இல் திருத்திய சட்டப்படி இருபது ஆண்டுக்கும் மேலாகச் சும்மா கிடக்கும் கிணற்றுக்கே ஆண்டுக் கட்டணம் 1,500 டாலர்தான், எட்டு ஆண்டுக்குட்பட்டதற்கு 150 டாலர். வருடம் 150 டாலர் கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்றால் யார்தான் சிமென்ட் லாரியை அழைப்பார்கள்? 2024-இல் வந்த சட்டம் இந்தக் கட்டணங்களைப் பல மடங்கு உயர்த்தியது. தாமதம்தான், ஆனாலும் வரவேற்க வேண்டிய திருத்தம்.

கிணற்றை மூடுவதற்கு உத்தரவாதமாக நடத்துபவர் மாநிலத்திடம் வைக்கும் பிணைத்தொகையின் கதையும் இப்படியே. பத்தாயிரம் அடிக்குக் குறைந்த ஆழமுள்ள தனிக் கிணற்றுக்கு 25,000 டாலர், அதற்கு மேற்பட்டதற்கு 40,000 டாலர் என்று வைத்திருந்தார்கள். நடத்துபவர் திவாலாகிப் போனால் மூடும் செலவில் ஒரு பங்குக்குத்தான் அது காணும். மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, கலிஃபோர்னியாவின் எல்லாக் கிணறுகளையும் மூட 900 கோடி டாலருக்கு மேல் ஆகும், கையிருப்பிலுள்ள பிணையோ சுமார் 11 கோடி டாலர் என்று கணக்கிட்டது. 5,540 கிணறுகள் ஏற்கெனவே உரிமையாளர் இல்லாதவை அல்லது விரைவில் அப்படி ஆகக்கூடியவை என்றும் அது சொன்னது. பாக்கி யார் கொடுப்பது என்பதற்கு விடை எல்லோருக்கும் தெரியும். 2022-இல் பேக்கர்ஸ்ஃபீல்டில் வீடுகளுக்கு அருகே செயலற்ற கிணறுகள் மீத்தேன் கசிந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தபோது இந்தக் கணக்கு வெறும் கணக்காக இல்லை. ஆகவே வெல் ஃபைண்டரைத் திறப்பவர்கள் தங்கள் மனையிலுள்ள புள்ளியை மட்டும் பார்க்காமல், சுற்றுவட்டாரத்தில் செயலற்றவை எத்தனை, அவற்றை நடத்துபவர் யார், அதே பெயரில் இன்னும் உற்பத்தி நடக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வருமானமே இல்லாத பெயரில் கிணறுகள் மட்டும் குவிந்திருந்தால், அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இயங்கும் கிணறுகளும், எரிவாயுவை நிலத்தடியில் செலுத்தி வைத்துப் பின்னர் எடுக்கும் வாயு சேமிப்புக் கிணறுகளும் வேறொரு கதை. 2015 அக்டோபர் 23 அன்று போர்ட்டர் ராஞ்ச் குடியிருப்புக்கு மேலேயுள்ள ஆலிசோ கேன்யனில் கசியத் தொடங்கிய கிணறு 1950-களில் எண்ணெய்க்காகத் தோண்டியது; 1973-இல் எரிவாயு சேமிப்புக்கு மாற்றப்பட்டது; நிலத்தடிப் பாதுகாப்பு வால்வு 1979-இல் எடுக்கப்பட்டபின் திரும்பப் பொருத்தப்படவில்லை. ஏழு அங்குல உறைக்குழாய் 892 அடி ஆழத்தில் வெளிப்புற அரிப்பால் கிழிந்தது. 2016 பிப்ரவரி வரை நான்கு மாதம் கசிந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் டன் மீத்தேன் வெளியேறியது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. உள்குழாய் வழியாகவும் அதைச் சூழ்ந்த உறைக்குழாய் வழியாகவும் ஒருசேர வாயுவைச் செலுத்தி எடுத்ததால், அந்த ஓர் உறைக்குழாய்தான் வாயுவுக்கும் மலைக்கும் இடையிலிருந்த ஒரே சுவர். 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள் இதைத் தடுத்தன: ஓர் உறுப்பு பழுதானாலே வாயு வெளியேறும் அமைப்பு எந்தச் சேமிப்புக் கிணற்றிலும் இருக்கக் கூடாது, வாயு உள்குழாயில் மட்டும் ஓட வேண்டும், உறைக்குழாய் இரண்டாம் காவலாக நிற்க வேண்டும். எளிய விதிதான். அது எழுதப்படுவதற்கு இவ்வளவு வாயு வெளியேற வேண்டியிருந்தது.

புதிதாகத் தோண்டுவதைப் பொறுத்தவரை, வீடு, பள்ளி, மருத்துவமனை, பூங்கா முதலியவற்றிலிருந்து 3,200 அடிக்குள் புதிய கிணறு கூடாது என்ற 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தை எண்ணெய் நிறுவனங்கள் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோய் நிறுத்திவைத்து, 2024 ஜூனில் பின்வாங்கியபின் அது உயிர்பெற்றது. வீடு தேடுபவர்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 3,200 அடிச் சட்டம் வந்துவிட்டதே, இனிப் பக்கத்தில் கிணறு இருக்காதே என்று இரண்டு பேர் என்னிடமே சொன்னார்கள். ஏற்கெனவே இருக்கும் கிணறு இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குக் கசிவுக் கண்காணிப்பு முதலிய கடமைகள் கூடும், அவ்வளவுதான்.

புவிவெப்பக் கிணறுகளையும் இதே வரைபடத்தில் பார்க்கலாம். வடக்கே சோனோமா, லேக் மாவட்டங்களின் கெய்ஸர்ஸ் பகுதியில் 1960 முதல் நிலத்தடி நீராவியால் மின்சாரம் எடுக்கிறார்கள். தெற்கே இம்பீரியல் பள்ளத்தாக்கில் கொதிக்கும் உப்புநீர். எரிவதற்கு எண்ணெய் இல்லையே தவிர, அழுத்தமும் வெப்பமும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டு. வெடித்தெழாமல் தடுக்கும் வால்வுகளும் முறைப்படி மூடும் கடமையும் அங்கேயும் பொருந்தும். கூட்டரசு நிலத்திலுள்ளவை கூட்டரசின் நில மேலாண்மைத் துறையின் கண்காணிப்பில் இருப்பவை.

இனி, இந்தத் தாள்களை வைத்திருப்பவர்களை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி. பொதுவில் பதிவானவற்றையே சொல்கிறேன். சட்டம் காக்கச் சொன்ன நிலத்தடி நீரடுக்குகளுக்குள் கழிவுநீர் செலுத்தப் பல கிணறுகளுக்கு அனுமதி கொடுத்திருந்ததை இதே அமைப்பு 2015 வாக்கில் ஒப்புக்கொண்டு, பலவற்றை மூட நேர்ந்தது. 2019 ஜூலையில், அதிகாரிகள் சிலர் எண்ணெய் நிறுவனப் பங்குகளை வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தபின் ஆளுநர் அதன் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கினார். மறுபுறம், 1958-இல் வந்த சட்டம் இல்லையென்றால் லாங் பீச் துறைமுகம் கடலுக்குள் போயிருக்கும். எண்ணெய் எடுத்ததால் அங்குள்ள வில்மிங்டன் எண்ணெய்வயலுக்கு மேல் தரை 29 அடி தாழ்ந்திருந்தது, நீரை உட்செலுத்த வைத்துத்தான் அதை நிறுத்தினார்கள். ஆகவே என் கணக்கு இப்படி: ஆவணக் காப்பகமாக வெல் ஃபைண்டருக்கு ஐந்துக்கு நாலரை தயங்காமல் கொடுப்பேன், நூறாண்டுத் தாளை, அதில் தங்கள் அமைப்பின் பழைய கவனக்குறைவுகள் வெளிப்படும் தாள்களையும் சேர்த்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்துவைத்திருப்பது சிறிய காரியமல்ல. சாதாரணக் குடிமகனுக்கு வழிகாட்டும் கருவியாக இரண்டரைக்கு மேல் மனம் வரவில்லை. நிலைகளின் பெயர்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும் பெயர்கள். ‘மூடப்பட்டது’ என்ற சொல்லைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போகும் மனிதரிடம், 1948-இன் மூடலும் இன்றைய மூடலும் ஒன்றல்ல என்று அது சொல்வதில்லை.

கொட்டகை மூலையைத் தோண்டிப் பார்க்க வேண்டும், செலவை நாங்களே ஏற்கிறோம் என்று கேட்டோம். விற்பவர் ஒப்பவில்லை. தோண்டி ஏதாவது அகப்பட்டால் அதை அடுத்து வருபவரிடம் சொல்லியாக வேண்டுமே என்ற கவலை அவருக்கு. தரகர் அதை நாசூக்காகச் சொன்னார், நானும் நாசூக்காக விலகிக்கொண்டேன். நாங்கள் கடைசியில் வாங்கிய வீட்டிலிருந்து அறுநூறு அடியில் ஒரு புள்ளி இருக்கிறது. அதன் கோப்பை அண்ணாவும் நானும் ஓர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுக்கப் படித்தோம்: 2009-இல் மூடியது, மூன்று அடைப்புகள், மூன்றிலும் எடை வைத்துப் பார்த்த குறிப்பு, ஆய்வாளர் கையெழுத்து, தரையை ஒட்டி 27 அடிச் சிமென்ட், தகடு பற்றவைத்த தேதி. “இது மூடினது” என்று அண்ணா தாளை நகர்த்தினார். அந்த ஐந்து இலக்கங்களை வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையின் மேல் எழுதிவைத்திருக்கிறேன்.